நடுவர் கண்டதும் ரசிகர் கண்டதும்: டேபிள் டென்னிஸ் தகராறுகளின் நியாயம்

2025-ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில், சென்னை ஜவஹர்லால் நேரு உள்விளையாட்டரங்கில் நடைபெற்ற ‘ஸ்டார் கன்டெண்டர்’ சர்வதேச டேபிள் டென்னிஸ் போட்டியில், இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்திய ஆட்டத்தின் முகமாக விளங்கிய சரத் கமல், தம்மைவிட வயதில் மிகவும் இளையவரான சிநேகித் சுரவஜ்ஜுலாவிடம் தோற்று ஒற்றையர் ஆட்டத்திலிருந்து விடைபெற்றார். வளர்ந்த நகரத்திலேயே விடைபெறும் பாக்கியம் விளையாட்டு வீரர் பலருக்கும் வாய்ப்பதில்லை. அரங்கிலே அமர்ந்து அக்காட்சியைக் கண்டவர்களைப் போலவே, சேலம், நாமக்கல் முதலிய ஊர்களில் கைப்பேசித் திரையில் கண்டவர்களும் ஆட்டம் முடிந்த பின்னர் வாதம் செய்யத் தொடங்குவது இயல்பு. அந்த வாதங்களை எல்லாம் வடிகட்டிப் பார்த்தால் எஞ்சுபவை இரண்டே வினாக்கள்: ‘இந்த முடிவு எப்படி வந்தது?’ என்பது ஒன்று. ‘அந்தப் புள்ளியை நடுவர் அப்படிக் கொடுத்தது நியாயந்தானா?’ என்பது மற்றொன்று.

கிரிக்கெட்டில் ஆட்டமிழப்பு சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்லத் தயங்காத நம்மவர்கள், டேபிள் டென்னிஸ் என்று வந்தால் சற்றுத் திகைத்துப் போகிறார்கள். லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைகளும் கோழிப் பண்ணைகளும் சூழ்ந்த நாமக்கல் வட்டாரத்து விடுதிப் பள்ளிகளில், மாணவர்கள் மாலை வேளையில் இந்த ஆட்டத்தை உற்சாகமாக ஆடுகிறார்கள் என்றாலும், விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தவர் அவர்களிலும் சிலரே இருப்பர். ஆட்டத்தின் வேகமும் பந்தின் நொய்ம்மையும் திகைப்பை மேலும் பெருக்குகின்றன. பந்தின் விட்டம் 40 மில்லிமீட்டர், எடை 2.7 கிராம். நாமக்கல் முட்டை ஒன்றைத் தராசின் ஒரு தட்டில் வைத்தால், மறு தட்டில் இப்பந்துகளில் பதினெட்டு, இருபது வைத்தாலன்றி முள் நடுவில் நில்லாது. இத்தனை இலேசான பொருள் 2.74 மீட்டர் நீளமுள்ள மேசையின்மீது கண்ணிமைக்கும் நேரத்தில் போய் வரும்போது, எது நடந்தது என்பதிலேயே சந்தேகம் எழுவது வியப்பன்று.

நிகழ்ச்சி வேறு, விதி வேறு

சர்வதேச டேபிள் டென்னிஸ் சம்மேளனத்தின் விதிகள் தகராறுகளை இரண்டு வகையாகப் பிரித்து வைத்திருக்கின்றன. பந்து வலையைத் தொட்டதா, மேசையின் விளிம்பில் பட்டதா, ஆட்டக்காரரின் கை மேசைமீது ஊன்றியதா என்பன போன்ற, நிகழ்ச்சியைப் பற்றிய வினாக்கள் ஒரு வகை. நடந்தது இன்னது என்பதில் ஐயமில்லை, ஆனால் அதற்கு எந்த விதி பொருந்தும், அவ்விதிக்கு என்ன பொருள் கொள்ள வேண்டும் என்பது மற்றொரு வகை. முதல் வகையில், மேசையருகே அமர்ந்திருக்கும் நடுவரோ துணை நடுவரோ, யாருடைய பொறுப்பில் அவ்விஷயம் இருக்கிறதோ அவர் சொன்னதே முடிவு. அதற்கு மேல்முறையீடு கிடையாது. இரண்டாவது வகையில் தலைமை நடுவரிடம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். அவருடைய வியாக்கியானம் அந்த ஆட்டத்துக்கு இறுதியானது.

அத்துடனும் விஷயம் முடிந்துவிடுவதில்லை. தலைமை நடுவரின் வியாக்கியானத்தில் அதிருப்தி கொண்டவர்கள், தங்கள் தேசிய சங்கத்தின் வாயிலாகச் சம்மேளனத்தின் விதிக் குழுவுக்கு அவ்வழக்கை அனுப்பலாம். குழு தரும் விளக்கம் வருங்கால ஆட்டங்களுக்கு வழிகாட்டியாகுமேயன்றி, முடிந்துபோன ஆட்டத்தின் முடிவை மாற்றாது. தோற்றவருக்கு இது கொடுமையாகத் தோன்றலாம். ஆயினும், நடந்து முடிந்ததைக் கிளறாமல் இனி நடப்பதைச் சீர்ப்படுத்தும் இந்த ஏற்பாட்டில் ஒரு விவேகம் இருக்கிறது. ஆகவே, வாதத்தில் இறங்கும் ரசிகர் முதலில் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டியது, ‘என் வழக்கு நிகழ்ச்சியைப் பற்றியதா, விதியைப் பற்றியதா?’ என்பதே.

சர்வீஸ்: நிரூபிக்கும் பொறுப்பு யாருடையது?

இந்த ஆட்டத்தில் எழும் சச்சரவுகளில் சர்வீஸ் பற்றியவையே மிகுதி. விதி கேட்பது இவ்வளவுதான்: விரித்த உள்ளங்கையில் பந்து அசையாமல் இருக்க வேண்டும், அதைச் சுழற்றாமல், ஏறத்தாழ நேர்ச்செங்குத்தாக, கையை விட்டபின் குறைந்தது 16 சென்டிமீட்டர் உயருமாறு எறிய வேண்டும், இறங்கி வரும்போதுதான் அடிக்க வேண்டும், தொடக்கம் முதல் அடிக்கும் கணம் வரை பந்து மேசை மட்டத்துக்கு மேலும், தம் பக்கத்து எல்லைக் கோட்டுக்குப் பின்னும் இருக்க வேண்டும், தோளோ, கையோ, சட்டையோ அதை எதிராளியின் பார்வையிலிருந்து மறைத்தல் ஆகாது. பந்தை மறைத்துப் போடும் தந்திரம் 2002-ஆம் ஆண்டில்தான் திட்டவட்டமாகத் தடுக்கப்பட்டது. மட்டை பந்தை எப்படிச் சீவியது என்பதைக் காண முடியாதவர், எந்தச் சுழற்சி வருகிறது என்று அறியாமலே அதைத் திருப்ப வேண்டியிருந்த அநியாயத்துக்கு அது முடிவு கட்டியது.

ஆனால் ரசிகர் பலரும் கவனியாத ஒரு வாசகம் அவ்விதியிலேயே அடங்கியிருக்கிறது. தம் சர்வீஸ் விதிக்கு உட்பட்டது என்று நடுவர் திருப்தியடையுமாறு போட வேண்டிய பொறுப்பு, போடுபவருடையது. குற்றவியல் நீதிமன்றத்தில் சந்தேகத்தின் பலன் எதிரிக்குச் செல்லும். இங்கே சந்தேகம் சர்வீஸ் போடுபவருக்குப் பாதகமாகவே முடியும். ஓர் ஆட்டத்தில் முதன்முறை சந்தேகம் எழுந்தால் நடுவர் எச்சரித்து விட்டுவிடலாம். அதே ஆட்டத்தில் மறுமுறை சந்தேகம் எழுந்தால் புள்ளி எதிராளிக்குப் போய்விடும். தவறு வெளிப்படையாகத் தெரிந்தாலோ, எச்சரிக்கை என்ற சலுகைகூட இல்லை. ‘பதினாறு சென்டிமீட்டர் உயரவில்லை என்று நடுவர் அளந்து பார்த்தாரா?’ என்று கோபங்கொள்ளும் ரசிகருக்கு விதி தரும் விடை, ‘உயர்ந்தது என்று ஆட்டக்காரர் ஐயமறக் காட்டினாரா?’ என்ற எதிர்க்கேள்விதான்.

இவ்விஷயத்தில் உலகப் பிரசித்தி பெற்ற வழக்கு 2012-ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் நடந்தது. பெண்கள் ஒற்றையர் இறுதியாட்டத்தில் சீன வீராங்கனைகள் இருவரே மோதினர். உலகப் பட்டம் பெற்றிருந்த டிங் நிங், சர்வீஸ் முறையற்றது என்றும், உரிய வேளையல்லாத வேளையில் துண்டை எடுத்தார் என்றும் நடுவரால் கண்டிக்கப்பட்டுப் புள்ளிகளை இழந்து, கண்ணீர் மல்க நின்று, இறுதியில் லீ சியாவோசியாவிடம் 1–4 என்று தோற்றார். துண்டால் முகம் துடைப்பதற்குக்கூடவா தண்டனை என்று கேட்டவர்களுக்கு, ஆறு புள்ளிகளுக்கு ஒருமுறைதான் துண்டை எடுக்கலாம் என்ற விதி புதுச் செய்தியாக இருந்தது. நடுவர் விதியை மீறினார் என்று சொல்ல இடமில்லை. மற்ற ஆட்டங்களில் பலர் கண்டும் காணாமல் விடும் விதியை, ஒலிம்பிக் இறுதியாட்டத்தில் ஒருவர்மீது மட்டும் அத்தனை கண்டிப்பாகப் பிரயோகிக்கலாமா என்பதே ரசிகர்களின் குறையாக இருந்தது. அந்தக் குறையை முற்றிலும் நியாயமற்றது என்று தள்ளிவிடவும் முடியாது. நான்கு ஆண்டுகளுக்குப் பின் ரியோவில் அதே இருவர் இறுதியாட்டத்தில் சந்தித்து, டிங் நிங் 4–3 என்று வென்றபோதுதான் அவ்வழக்கு ஒருவாறு ஓய்ந்தது.

விளிம்பில் பட்ட பந்து

மேசையின் மேற்பரப்போடு அதன் மேல் விளிம்பும் ஆடுகளத்தில் சேரும். விளிம்புக்குக் கீழுள்ள பக்கவாட்டுப் பகுதி சேராது. மயிரிழை வேறுபாடுதான், ஆயினும் ஒரு புள்ளியின் தலைவிதி அதில் அடங்கிவிடுகிறது. நடுவர் இதை வெறும் ஊகத்தால் சொல்வதில்லை. பந்து வந்த திசையையும் எழும்பிய திசையையும் கொண்டு நிர்ணயிக்கிறார். மேற்பரப்பைக் கடந்து வந்து விளிம்பில் பட்ட பந்து செல்லும் என்பதில் சிக்கலில்லை. வெளியிலிருந்து வளைந்து வந்து பட்ட பந்துதான் குழப்பம் தருவது: அது மேல்நோக்கித் தெறித்தால் மேல் விளிம்பில் பட்டிருக்கலாம், கீழ்நோக்கிச் சென்றால் பக்கவாட்டில் பட்டது என்று கொள்ள வேண்டும். எந்தப் பக்கத்து விளிம்பு யாருக்கு அண்மையிலுள்ளதோ, அவரே அதற்குத் தீர்ப்பளிப்பவர். துணை நடுவர் பக்கத்தில் நடந்ததை எதிர்ப்பக்கத்திலிருந்து நடுவர் மாற்ற இயலாது.

அண்மைக் காலத்தில் சில பெரிய போட்டிகளில் காணொளிச் சீராய்வு புகுந்திருக்கிறது. ஆட்டக்காரர் அளவோடு முறையிடலாம். பல கோணங்களில் எடுத்த படங்களை ஆராய்ந்து முடிவு சொல்லப்படுகிறது. நிகழ்ச்சியைப் பற்றிய வழக்குக்கு மேல்முறையீடே கிடையாது என்ற பழைய கோட்டையில் இது ஒரு வாசலைத் திறந்திருக்கிறது என்றே சொல்ல வேண்டும். எனினும் கருவி வருமுன்னரே வேறோர் உபாயம் இருந்தது. அதற்கு மனச்சாட்சி என்று பெயர். 2005-இல் ஷாங்காய் உலகப் போட்டியில், ஜெர்மனியின் டீமோ போல் சீனாவின் லியூ குவோசெங்குடன் ஆடியபோது, ஆட்டத்தையே வெல்லும் புள்ளி போலுக்குக் கிடைத்தது. எதிராளியின் பந்து வெளியே போயிற்று என்று நடுவரும் சொல்லிவிட்டார். பந்து விளிம்பில் பட்டதைத் தாம் கண்டதாகப் போல் தாமே சுட்டிக்காட்டினார், புள்ளி கைமாறிற்று, ஆட்டத்தையும் அவர் தோற்றார். நியாய ஆட்டத்துக்கான விருது பின்னர் அவரைத் தேடி வந்தது.

ரப்பர் பற்றிய வழக்கு

2024-ஆம் ஆண்டு பிப்ரவரியில் தென்கொரியாவின் பூசான் நகரில் நடந்த உலகக் குழுப் போட்டியில், உலகத் தரவரிசையில் 155-ஆம் இடத்திலிருந்த இந்தியாவின் ஐஹிகா முகர்ஜி, முதலிடத்திலிருந்த சீனாவின் சுன் யிங்ஷாவை வீழ்த்தினார். சக வீராங்கனை ஸ்ரீஜா அகுலா, வாங் யிடியை மூன்று நேர் செட்களில் வென்றார். ஆயினும் மொத்தத்தில் சீனா 3–2 என்று தப்பிப் பிழைத்தது. ஐஹிகாவின் மட்டையில் ஒரு பக்கம் சுழற்சியை ஏற்காத ‘ஆன்டி-ஸ்பின்’ ரப்பர் ஒட்டப்பட்டிருந்ததால், ‘இது ஆட்டத் திறமையா, ரப்பரின் மாயமா?’ என்ற கேள்வி எழக்கூடும்.

இதற்கு விடை பழைய தகராறுகளில் இருக்கிறது. 1952-இல் ஆசியாவிலேயே முதன்முறையாக உலகப் போட்டி பம்பாயில் நடந்தபோது, ஜப்பானின் ஹிரோஜி சாட்டோ தடித்த ஸ்பாஞ்சு ஒட்டிய மட்டையுடன் வந்து பட்டத்தைத் தட்டிச் சென்றார். பந்து படும் ஓசையே எழாத அந்த மட்டையின் முன் ஐரோப்பிய ஜாம்பவான்கள் தடுமாறினர். அதன்பின் ஆண்டுக்கணக்கில் நடந்த விவாதத்தின் விளைவாக, 1959-இல் ரப்பரின் அமைப்புக்கும் கனத்துக்கும் வரம்பு வகுக்கப்பட்டது. வெறும் ஸ்பாஞ்சுக்குத் தடை வந்தது. பின்னர் மட்டையின் இருபுறமும் ஒரே நிறத்தில் வெவ்வேறு குணமுள்ள ரப்பர்களை ஒட்டி எதிராளியை மயக்கும் வழக்கம் பரவிற்று. 1980-களில் இரு பக்கத்துக்கும் வெவ்வேறு நிறம் கட்டாயமாயிற்று. ஆட்டம் தொடங்குமுன் மட்டையை எதிராளி பரிசோதிக்கும் உரிமையும் விதியிலேயே இருக்கிறது. ஆகவே ஐஹிகாவின் ரப்பர் எதுவென்று சுன் யிங்ஷா அறிவார். எந்த நிறம் தம்மை நோக்கி வருகிறது என்பதையும் கண்ணால் காண்பார். அறிந்தும் சமாளிக்க இயலாமற் போனது ஐஹிகாவின் திறமையையே காட்டும்.

பதினொன்றின் கணக்கு

ஐஹிகாவும் சுன் யிங்ஷாவும் மோதிய அந்த ஆட்டத்தின் புள்ளிகளைக் கூட்டிப் பார்த்தால் இன்னொரு விசித்திரம் தெரியவரும். 12–10, 2–11, 13–11, 11–6 என்பவை செட் கணக்குகள். இருவரும் பெற்ற மொத்தப் புள்ளிகள் சரிசமமாக முப்பத்தெட்டே! ஆயினும் ஒருவர் 3–1 என்று வென்றார். எந்தப் புள்ளியை எப்போது எடுத்தார் என்பதே முடிவைத் தீர்மானித்தது.

2001 செப்டம்பருக்கு முன்பு ஒரு செட்டுக்கு 21 புள்ளிகள் இருந்தன. பின்னர் அது 11 ஆயிற்று. ஐந்து ஐந்தாகப் போட்ட சர்வீஸ் இரண்டு இரண்டாகக் குறைந்தது. குறுகிய செட்டில் பின்தங்கியவர் மீள்வதற்கு அவகாசம் இல்லை. எனவே எதிர்பாராத முடிவுகள் பெருகின. கூடவே, நடுவரின் ஒவ்வொரு தீர்ப்புக்கும் முன்னைவிடக் கனம் கூடிவிட்டது. இருபத்தொன்றில் ஒரு புள்ளி தவறாகப் போனால் சகித்துக்கொள்ளலாம். பதினொன்றில், அதுவும் 9–9 என்ற நிலையில், ஒரு விளிம்புப் பந்து செட்டையே கொண்டுபோய்விடும். முன்னைவிட இன்று ரசிகர்கள் தீர்ப்புகளைப் பற்றி அதிகமாகச் சண்டையிடுகிறார்கள் என்றால், அதற்கு அவர்களுடைய குணத்தைவிட இந்தக் கணக்கே காரணம்.

எந்த வாதம் பயன் தரும்?

நடந்த நிகழ்ச்சியைப் பற்றிய வழக்கு நடுவரோடும், அங்கங்கே கருவியோடும் முடிந்துவிடுகிறது; அதை மறுநாளும் பேசிக்கொண்டிருப்பதில் ஆறுதல் உண்டே தவிரப் பயன் இல்லை. விதி சரியா என்ற வழக்குக்கோ ஆயுள் அதிகம். ஸ்பாஞ்சு மட்டையும், ஒரே நிற ரப்பரும், மறைத்துப் போட்ட சர்வீஸும் ஆட்டக்காரர்களும் ரசிகர்களும் ஆண்டுக்கணக்கில் விடாமல் பேசியதால்தான் விதிப் புத்தகத்தில் இடம் பெற்றன. லண்டனில் எழுந்த கேள்வியும் அந்த இனத்தைச் சேர்ந்ததே: ஒரே விதி எல்லா மேசைகளிலும் ஒரே கண்டிப்புடன் பிரயோகிக்கப்படுகிறதா என்பது இன்றும் முழு விடை காணாத கேள்வி.

நடுவர் என ஒருவர் இல்லாத பள்ளிக்கூட மேசையில், ‘நீ பந்தை மறைத்தாய்’, ‘இல்லை, நீ பார்க்கவில்லை’ என்று இரண்டு பிள்ளைகள் மல்லுக்கு நிற்கும்போது, விதி எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை அவ்விருவரும் அறிந்திருந்தால் சண்டை அரை நிமிஷத்தில் தீரும்: காட்டிப் போடுவது போடுபவன் கடமை, ஐயம் வந்தால், அவன் திரும்பப் போட வேண்டியதுதான்.