தொலைந்த இசையும் கிடைத்த படியும்

வழிபாட்டிற் பலரும் சேர்ந்து பாடுமுன், பாட்டின் மெட்டை வாத்தியத்தில் இசைத்து நெஞ்சைப் பக்குவப்படுத்துவது ஜேர்மனியின் லூதரன் தேவாலயங்களில் நெடுநாள் வழக்கம். அதற்குரிய வாத்தியம் ஆர்கன். துருத்திக் காற்றுக் குழல்களிற் புகுந்து ஒலிக்கும். வாசிப்பவர் கைகளாற் கட்டைகளையும் கால்களால் மிதிகளையும் இயக்குவார். சபையார் பாடும் பாட்டுக்குக் 'கோரால்' என்று பெயர். அதற்கு முன் வாசிப்பது கோரால் முன்னிசை. கீர்த்தனைக்கு முன் வரும் ஆலாபனை நேயர்களுக்கு நினைவு வரலாம். ஆலாபனை இராகத்தை விரிக்கும். முன்னிசையோ குறித்த ஒரு பாட்டின் மெட்டையே எடுத்து அணிசெய்யும்.

இத்துறையில் ஒப்பற்றவர் யொஹான் செபாஸ்தியன் பாக் (1685–1750). சங்கீதம் 124ஐத் தழுவி யுஸ்துஸ் யோனாஸ் 1524இல் ஒரு பாட்டு இயற்றினார். அதன் மெட்டைக் கொண்டு பாக் அமைத்த ஆர்கன் இசை நெடுங்காலம் மறைந்திருந்தது. பாக் படைப்புக்களின் பட்டியலில், ஐயத்துக்குரியவற்றிடையே, அதன் தொடக்கம் மட்டுமே இடம்பெற்றிருந்தது. 2008 மார்ச்சில், ஏலத்துக்கு வந்த பழைய கையெழுத்துக் கட்டொன்றில் முழு இசையையும் ஹாலே நகர ஆய்வாளர் கண்டனர். அது பாக்கின் கையெழுத்தன்று. வில்ஹெல்ம் ருஸ்த் என்னும் பதிப்பாசிரியர் 1877இல் எடுத்த படி. ஆராய்ந்த அறிஞர் அதனைப் பாக்கின் படைப்பாக ஏற்று, 1128 என்னும் எண்ணைக் கொடுத்தனர்.

ஹாலே தமிழருக்கு அந்நியமான ஊரன்று. அங்கே பயின்ற சீகன்பால்க் 1706இல் தரங்கம்பாடிக்கு வந்தார். அவர் தொடங்கிய திருப்பணியின் வழியே ஜேர்மானிய கோரால் மெட்டுக்கள் தமிழ்ச் சொற்களை ஏற்றன. தமிழ் லூதரன் சபைகளில் அவை இன்றும் ஒலிக்கின்றன.

தமிழிலும் இத்தகைய மீட்சி உண்டு. திருஞானசம்பந்தரின் திருவிடைவாய்ப் பதிகம் தேவார ஏடுகளில் இல்லை. 1917இல் அவ்வூர்க் கோயிற் கல்வெட்டிலிருந்து அது கிடைத்தது. அங்கே கல் காத்தது; இங்கே ஒருவர் எடுத்த படி காத்தது.

கல்லிற் பொறிப்பது எல்லார்க்கும் இயலாது, படியெடுப்பது இயலும். கிழக்கிலங்கை அம்மன் கோயில்களிற் பாடப்பெறும் காவியங்களும் குளுத்திப் பாடல்களும் பல, ஏட்டிலும் கொப்பியிலும் வாழ்ந்தவை. திருகோணமலைக் கரையோரம் போரையும் 2004 ஆழிப்பேரலையையும் கண்டது. முத்துமாரியம்மன் கோயில் கொண்ட சல்லி போன்ற கடலோரச் சிற்றூர்களில் பழைய பாட்டுக் கொப்பி ஒன்று எஞ்சியிருக்குமாயின், அதற்கு இன்றே ஒரு படி வேண்டும். மெட்டை அறிந்த முதியவர் பாட, ஒலிப்பதிவும் வேண்டும். எழுத்து சொல்லைக் காக்கும். மெட்டைக் காப்பது குரலே.