இரத்தக் கொதிப்பும் குடும்பத்தின் வைத்தியச் செலவும்

குளத்துக் கரையில் கசிவு கண்டவுடன் நாலு கூடை மண்ணை இட்டு அடைத்துவிட்டால் காரியம் முடிந்தது. அசட்டையாக விட்டுவிட்டால் கரை உடையும், பயிரும் போகும், மராமத்துச் செலவும் வந்து சேரும். இதனை விவசாயப் பெருமக்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. நமது உடலின் இரத்தக் குழாய்களுக்கும் இதே நியதி பொருந்தும் என்பதையே இங்கு விளக்க விரும்புகிறோம்.

பனவடலிசத்திரம் பகுதியில் சுற்றுப்பயணம் செய்தபோது, உளுந்தும் பருத்தியும் பயிரிட்டு வந்த ஒரு குடும்பத்தைக் கண்டோம். குடும்பத் தலைவருக்கு இரத்தக் கொதிப்பு இருப்பது முன்பே தெரிந்திருந்தது. சில மாதங்கள் மாத்திரை உட்கொண்டார். தலைச்சுற்றல் நின்றதும் மாத்திரையையும் நிறுத்திவிட்டார். ஒருநாள் அதிகாலையில் பக்கவாதம் கண்டது. அரசு மருத்துவமனையில் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. எனினும் வாடகை வண்டிக்கும், துணையிருந்தோர் சாப்பாட்டிற்கும், அன்றாட ஜீவனத்திற்கும் வேண்டி இரண்டு பசுக்கள் விற்கப்பட்டன. நிலம் குத்தகைக்குப் போயிற்று. மகனின் படிப்பும் தடைப்பட்டது.

நோய் வரும் வழி

இரத்தம் குழாய்களின் சுவரை அளவுக்கு மீறிய அழுத்தத்துடன் தாக்குவதே இரத்தக் கொதிப்பு. மேல் அளவு 140, அல்லது கீழ் அளவு 90, அல்லது அவற்றிற்கு மேல் தொடர்ந்து இருக்குமாயின் வைத்தியரின் யோசனை அவசியம். இக்கொதிப்பு பல ஆண்டுகள் யாதொரு வலியுமின்றி இருக்கக்கூடும். அதற்குள் குழாய்களின் உட்சுவர் கெட்டு, கொழுப்புப் படிந்து, வழி குறுகுகிறது. நீரிழிவும், பீடி, சிகரெட், புகையிலைப் பழக்கமும் இக்கேட்டை விரைவுபடுத்துகின்றன. அடைப்பு இருதயத்தில் நேர்ந்தால் மாரடைப்பு. மூளையில் நேர்ந்தால் பக்கவாதம்.

2020ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் 18 முதல் 69 வயது வரையுள்ளோரிடையே நடைபெற்ற ஆய்வில், நூற்றுக்கு ஏறத்தாழ 34 பேருக்கு இரத்தக் கொதிப்பு காணப்பட்டது. அவர்களில் அதனைக் கட்டுக்குள் வைத்திருந்தவர் நூற்றுக்கு 7 பேர் மட்டுமே என்பது கவலைக்குரியது.

ஒரு சிறு கணக்கு

மாதம் ஒருமுறை ஆரம்ப சுகாதார நிலையம் சென்று இலவச மாத்திரை பெற்று வர அரைநாள் ஆகும் என்று கொள்வோம். ஆண்டுக்கு 12 அரைநாட்கள். அதாவது 6 நாட்களின் கூலி. பக்கவாதத்தால் ஒருவர் மூன்று மாதம் படுத்துவிட்டால், அவரும் அவருக்குத் துணையிருப்பவருமாக இருவரின் உழைப்பு நின்றுபோகிறது. அது 180 நாட்களின் கூலியாகும். முன்னதைப் போல் முப்பது மடங்கு!

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், தகுதியுள்ள குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 இலட்ச ரூபாய் வரை சிகிச்சைச் செலவை ஏற்கிறது. இது பெரும் பாதுகாப்பே. ஆயினும் இழந்த கூலியையும், களையெடுக்காமல் அழிந்த பயிரையும், கைமாற்றாக வாங்கிய கடனின் வட்டியையும் இக்காப்பீடு ஈடு செய்வதில்லை.

செய்ய வேண்டுவன

30 வயது நிரம்பிய ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் இரத்தக் கொதிப்பையும் நீரிழிவையும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். உப்பு, நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே போதுமென உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. கஞ்சியுடன் நாம் விரும்பி உண்ணும் ஊறுகாய், கருவாடு, மோர் மிளகாய் ஆகியவற்றிலுள்ள உப்பும் இக்கணக்கில் சேரும். மாத்திரையை வைத்தியர் சொல்லாமல் நிறுத்துதல் கூடாது. திடீரென நெஞ்சு வலி கண்டாலும், வாய் கோணினாலும், ஒரு கை தளர்ந்தாலும், சூடு தணியட்டும் என்று சோடா குடித்துக் காத்திராமல் உடனே 108 வண்டியை அழைத்தல் வேண்டும்.

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்றது. இரத்தக் கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகளை வீட்டிற்கே கொண்டு சேர்ப்பது இதன் நோக்கம். இத்தகைய ஏற்பாடு முழுப்பயன் தர வேண்டுமாயின் பஞ்சாயத்தின் ஒத்துழைப்பு இன்றியமையாதது. ஆகவே, உறுப்பினர்கள் தத்தம் வார்டில் பரிசோதனை செய்துகொள்ளாதோரைக் கண்டறிந்து, சுகாதாரப் பணியாளரிடம் தெரிவிக்கலாம். கிராம சபை கூடும் நாளில் அங்கேயே பரிசோதனை நடத்த, ஆரம்ப சுகாதார நிலைய வைத்திய அதிகாரியை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம். மாத்திரையை நிறுத்தியவர் யாரென அண்டை வீட்டார் அறிவர். அவரிடம் அன்புடன் ஒரு வார்த்தை சொல்லுவதற்குப் பணச் செலவில்லை.

குளத்துக் கரையைக் காக்க ஊர் கூடி நிற்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அவ்வாறே ஒவ்வொரு குடும்பத்தின் உழைக்கும் கரங்களையும் காக்க ஊர் முன்வருமாக.