‘கில்லட்டின்’ என்றால் என்ன? விவாதமே இல்லாமல் பட்ஜெட் நிறைவேறுவது எப்படி?

அத்திப்பட்டு பக்கம் போனால் வடசென்னை அனல்மின் நிலையம், வல்லூர் அனல்மின் நிலையம், கொஞ்ச தூரத்தில் காமராஜர் துறைமுகம், குறுக்கே கும்மிடிப்பூண்டி ரயில் பாதை எல்லாம் இருக்கும். இதில் வடசென்னை நிலையம் மாநில அரசுடையது. துறைமுகமும் ரயிலும் மத்திய அரசின் கையில். வல்லூர் நிலையம் என்டிபிசியும் தமிழக மின்வாரியமும் சேர்ந்து நடத்துவது.

அப்போ சாம்பல் கழிவு பற்றியோ, ரயில் வசதி பற்றியோ கேட்கணும்னா யார் கேட்பது? சட்டமன்றத்தில் பொன்னேரி எம்.எல்.ஏ., மக்களவையில் திருவள்ளூர் எம்.பி. துறை வாரியாக நிதி ஒதுக்கும் மானியக் கோரிக்கை விவாதம்தான் அதற்கு நல்ல வாய்ப்பு. அந்த விவாதமே நடக்கலைன்னா?

2018, 2023-ல் நடந்தது என்ன?

மக்களவையில் அது நடந்திருக்கிறது. 2018 மார்ச் 14-ம் தேதி, எல்லா துறைகளின் மானியக் கோரிக்கைகளும் விவாதம் இல்லாமல் நிறைவேறின. காவிரி மேலாண்மை வாரியம் கேட்டு அதிமுக எம்.பி.க்களும், சிறப்பு அந்தஸ்து கேட்டு ஆந்திர எம்.பி.க்களும் போராடிய நேரம் அது.

2023 மார்ச் 23-ம் தேதி மறுபடியும் அதேதான். அதானி விவகாரத்தில் எதிர்க்கட்சிகள் ஒரு பக்கம், ராகுல் காந்தி மன்னிப்பு கேட்கணும் என்று ஆளுங்கட்சி மறுபக்கம். அமளிக்கு நடுவே சுமார் 45 லட்சம் கோடி ரூபாய் பட்ஜெட்டுக்கான ஒதுக்கீடுகள் சில நிமிடங்களில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறின.

இதுதான் ‘கில்லட்டின்’. பிரான்சில் தலையை வெட்டப் பயன்பட்ட கருவியின் பெயர். மக்களவை விதி 208-ன்படி, ஒதுக்கிய கடைசி நாளில் குறித்த நேரம் வந்ததும் மீதமுள்ள எல்லா கோரிக்கைகளையும் சபாநாயகர் வாக்கெடுப்புக்கு விட வேண்டும். பேசி முடித்தார்களா இல்லையா என்பது கணக்கில் வராது. பேசப்படாத துறைகளுக்கு உறுப்பினர்கள் கொடுத்த வெட்டுத் தீர்மானங்களும் அதோடு போச்சு.

அமெரிக்காவில் தலைகீழ்

அமெரிக்க செனட்டில் ஒரு உறுப்பினர் மணிக்கணக்கில் பேசியே மசோதாவை இழுத்தடிக்கலாம். இதற்குப் பெயர் ‘ஃபிலிபஸ்டர்’. 1957-ல் ஸ்ட்ரோம் தர்மண்ட் 24 மணி நேரம் 18 நிமிடம் பேசினார். கறுப்பின மக்களுக்கான சிவில் உரிமைச் சட்டத்தை எதிர்த்து அவர் பேசிய பேச்சு அது. பேச்சை நிறுத்த 100 பேரில் 60 பேர் ஆதரவு வேண்டும்.

இந்தியாவில் அது ஏன் முடியாது?

எந்த மசோதாவுக்கு எத்தனை மணி நேரம் என்பதை அலுவல் ஆய்வுக் குழு முடிவு செய்யும். கட்சிகளின் பலத்துக்கு ஏற்ப நேரம் பிரிக்கப்படும். நேரம் முடிந்தால் மணி அடிக்கும். விதி 362-ன்படி ‘விவாதத்தை முடித்து வாக்கெடுப்பு நடத்துங்கள்’ என்று யார் வேண்டுமானாலும் தீர்மானம் கொண்டு வரலாம். சாதாரண பெரும்பான்மை போதும். ஆனால் நியாயமான விவாத உரிமையை அது பறிக்கிறது என்று சபாநாயகர் கருதினால் ஏற்க மாட்டார்.

அரசியலமைப்புச் சட்டம் என்ன சொல்கிறது?

விவாதத்தை எப்போது முடிக்கணும் என்று அதில் எங்கேயும் இல்லை. அவை நடத்தும் விதிகளை நாடாளுமன்றம் பிரிவு 118-ன் கீழும், சட்டமன்றங்கள் பிரிவு 208-ன் கீழும் தாங்களே வகுத்துக்கொள்ளலாம். நடைமுறையில் குறை என்று சொல்லி கோர்ட்டுக்குப் போவதையும் பிரிவு 122, 212 தடுக்கின்றன. மானியக் கோரிக்கை மீது வாக்களிக்கும் உரிமை மாநிலங்களவைக்கு இல்லை. தமிழ்நாட்டில் 1986-லேயே மேலவை கலைக்கப்பட்டதால், இங்கே சட்டமன்றம் ஒன்றுதான்.

அப்படியானால் கில்லட்டின் தவறா?

அது இல்லாவிட்டால் நிதியாண்டு தொடங்கும்போது சம்பளம் கொடுக்கக்கூட அரசிடம் பணம் இல்லாத நிலை வரலாம். அதனால் விதி தேவைதான். 1993 முதல் துறை சார்ந்த நிலைக்குழுக்கள் மானியக் கோரிக்கைகளை ஆராய்ந்து அறிக்கை தருகின்றன. ஆனால் அந்தக் கூட்டங்கள் மூடிய அறையில் நடக்கின்றன. அமைச்சர் அவையில் எழுந்து நின்று பதில் சொல்வது வேறு.

பேசியே தடுக்க முடியாத அவையில் எதிர்ப்பு கூச்சலாகிறது. ஆனால் கூச்சல் பட்ஜெட்டைத் தடுப்பதில்லை. ஒதுக்கீடு நிறைவேறிவிடும், அத்திப்பட்டுக்காரர் கேட்க நினைத்த கேள்விதான் கேட்கப்படாமலே போகும்.