சொந்த வீடு, வாடகைப் பெட்டகம்

லினக்ஸுக்கு மாறுவது இப்போது எளிது. கிளவுடில் கிடக்கும் ஃபைல்களைக் கூடவே அழைத்துவருவதுதான் சங்கடம்.

தில்லி நேரு பிளேஸ், மும்பை லாமிங்டன் ரோடு, பெங்களூர் எஸ்.பி. ரோடு, சென்னை ரிச்சி தெரு. எங்கே போனாலும் பழைய லேப்டாப்புகளுக்கு ஒரு சந்தை உண்டு. 2025 அக்டோபர் 14ஆம் தேதி விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோஸாஃப்ட் நிறுத்திக்கொண்டது. அன்றிலிருந்து இந்த மெஷின்களை வைத்திருப்பவர்களுக்குப் புதுத் தலைவலி. கீபோர்டு நன்றாக இருக்கிறது, திரையில் கீறல் இல்லை. ஆனால் விண்டோஸ் 11 எதிர்பார்க்கும் பிராஸஸரும் பாதுகாப்பு வசதியும் பத்து வருடப் பழைய பெட்டியில் கிடையாது. தூக்கிப்போட மனம் வராதவர்களுக்கு லினக்ஸ் ஒரு வழி. லைசென்ஸ் கட்டணம் இல்லை. பென் டிரைவில் உபுண்டுவையோ மின்ட்டையோ ஏற்றிச் செருகினால் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிடுகிறது.

முதல் வாரம் சந்தோஷமாகவே போகும். வைஃபை தானாகவே கிடைக்கிறது, பிரவுஸர் பழையபடி ஓடுகிறது, லிப்ரே ஆஃபீஸ் பழைய வேர்டு ஃபைல்களைத் திறந்துவிடுகிறது. பிறகு ஒரு நாள் கூகுள் டிரைவில் கிடக்கும் வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேனோ பிள்ளையின் மார்க் ஷீட்டோ தேவைப்படும். விண்டோஸில் அது 'ஜி' என்ற எழுத்தோடு இன்னொரு டிஸ்க் மாதிரி தெரிந்துகொண்டிருந்தது. லினக்ஸில் அந்த டிஸ்க் இல்லை. டவுன்லோடு செய்யலாமென்று போனால் விண்டோஸுக்கு உண்டு, மேக்குக்கு உண்டு, போன்களுக்கு உண்டு. லினக்ஸுக்கு இல்லை.

கூகுள் டிரைவ் வந்தது 2012 ஏப்ரலில். இத்தனை வருடங்களாகியும் இந்த நிலைமை மாறவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த நிறுவனத்தின் ஆண்ட்ராய்டு போனுக்குள் இருப்பது லினக்ஸின் கருதான். குரோம்புக்கும் அப்படியே. கூகுளின் சொந்த எஞ்சினியர்களுக்கென்றே ஜிலினக்ஸ் என்ற தனிப் பதிப்பு உண்டு. மைக்ரோஸாஃப்டும் தன் ஒன்டிரைவுக்கு லினக்ஸ் புரோகிராம் எதையும் தரவில்லை. தன்னுடைய கிளவுட் வியாபாரத்தில் மட்டும் லினக்ஸை மகிழ்ச்சியாக வாடகைக்கு விடுகிறது. மேஜைக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் வைத்திருப்பவர்கள் நூற்றில் ஒரு சிலர். அவர்களுக்காக ஒரு புரோகிராமை எழுதிப் பராமரிக்கக் கணக்கு இடம் கொடுக்கவில்லை போலும்.

டிராப்பாக்ஸ் மட்டும் விதிவிலக்கு. 2008இல் வெளியானபோதே லினக்ஸையும் சேர்த்துக்கொண்டது. அந்த உறவிலும் ஒரு விரிசல் வந்தது. டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கிவைக்க லினக்ஸில் பல முறைகள் உண்டு. 2018 ஆகஸ்டில் டிராப்பாக்ஸ், அவற்றில் இஎக்ஸ்டி4 என்ற ஒன்றை மட்டுமே நவம்பர் முதல் ஏற்றுக்கொள்வதாகச் சொல்லிவிட்டது. ஹோம் ஃபோல்டரை ரகசியக் குறியீட்டால் பூட்டி வைத்திருந்தவர்களில் பலரும் வெளியே நிறுத்தப்பட்டார்கள். பாதுகாப்பில் அதிக அக்கறை காட்டியவர்களுக்குக் கிடைத்த பரிசு இது! 2019 ஜூலையில் நிறுவனம் மனம் மாறி, விலக்கிய முறைகளில் சிலவற்றை மறுபடி சேர்த்துக்கொண்டது. அதற்குள் பலர் வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். சொந்தக்காரர்களும் கைகொடுக்கவில்லை. உபுண்டுவைத் தயாரிக்கும் கெனானிகல் நிறுவனம் 2009இல் தொடங்கிய 'உபுண்டு ஒன்' சேமிப்பகத்தை, இலவச இடம் கொடுக்கும் போட்டியில் தாக்குப்பிடிக்க முடியாது என்று 2014இல் மூடியது. ஃபைல்களை எடுத்துக்கொள்ள ஜூலை முடிய அவகாசம் தந்தது.

மிச்சமிருக்கும் வழிகள் சில. பிரவுஸரிலேயே எல்லாவற்றையும் செய்துகொள்ளலாம். பலரும் அதைத்தான் செய்கிறார்கள். இன்ஸிங்க் போலக் காசு கொடுத்து வாங்கும் புரோகிராம்கள் உண்டு. டெர்மினலில் கட்டளை தட்டச்சு செய்யத் தயங்காதவர்களுக்கு ஆர்குளோன் இருக்கிறது. நிக் கிரெய்க்-வுட் என்பவர் எழுதத் தொடங்கிய இந்த இலவசக் கருவி கூகுள், ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ் என்று டஜன் கணக்கான கிளவுடுகளோடு பேசும்.

ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. அதில் 'காப்பி' என்று ஒரு கட்டளை, 'ஸிங்க்' என்று இன்னொன்று. காப்பி என்றால் இங்கே இருப்பதை அங்கேயும் வைப்பது. அங்கே கூடுதலாகக் கிடப்பதைத் தொடாது. ஸிங்க் என்றால் அங்கே இருப்பதை இங்கே இருப்பதைப் போலவே ஆக்குவது. இங்கே இல்லாதது அங்கேயும் இருக்கக் கூடாது. புது மெஷினில் காலியாக ஒரு ஃபோல்டரை உண்டாக்கி, எது மூலம் எது இலக்கு என்பதைத் தலைகீழாகக் கொடுத்து, ஸிங்க் என்று தட்டினால் என்ன ஆகும்? கிளவுடில் இருந்த பத்து வருடக் கல்யாண ஆல்பமும் வருமான வரிக் கணக்கும் அந்தக் காலி ஃபோல்டரைப் போலவே ஆகிவிடும். கட்டளை தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கும். கூகுள் டிரைவாக இருந்தால் குப்பைக்கூடையில் 30 நாள் கிடக்கும், மீட்டுவிடலாம். 31ஆம் நாள் தேடினால் கஷ்டம். 'ட்ரை ரன்' என்று கூடவே சேர்த்துத் தட்டினால் எதையும் தொடாமல், எதெல்லாம் அழியும் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லும். பலர் இதைத் தெரிந்துகொள்வது முதல் விபத்துக்குப் பிறகு.

சின்னச் சின்னத் தொல்லைகளுக்கும் குறைவில்லை. ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் தொடங்கும் 'மார்க்ஸ்' ஒரு ஃபைல், சின்ன எழுத்தில் தொடங்கும் 'மார்க்ஸ்' வேறொரு ஃபைல் என்பது லினக்ஸின் சித்தாந்தம். விண்டோஸுக்கு இரண்டும் ஒன்றே. வீட்டில் லினக்ஸ், ஆபீஸில் விண்டோஸ் என்று வாழ்பவர் இரண்டையும் ஒரே கிளவுடில் இணைத்தால் என்றாவது ஒருநாள் ஒன்று மற்றொன்றோடு மோதும். ஃபைலின் பெயரில் நேரத்தைக் குறிக்க முக்காற்புள்ளி வைத்தால் லினக்ஸ் ஒப்புக்கொள்ளும், விண்டோஸ் ஒப்புக்கொள்ளாது. கூகுள் டாக்ஸில் எழுதியதோ ஃபைலே அல்ல. இறக்கி வைக்க வேண்டுமானால் வேர்டு வடிவத்துக்கோ பிடிஎஃப்புக்கோ மாற்றியாக வேண்டும்.

இந்தியாவில் லினக்ஸ் மேஜைக் கம்ப்யூட்டரைப் பெரிய அளவில் பயன்படுத்திக் காட்டிய மாநிலம் கேரளா. 2001இல் அங்கே தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம் பின்னால் கைட் என்ற அரசு நிறுவனமாயிற்று. பள்ளிகளின் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களில் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட தன் பதிப்பை ஏற்றுவதாக 2019இல் அறிவித்தபோது, லைசென்ஸ் செலவில் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று அது கணக்குச் சொன்னது. மலையாளத்தில் தட்டச்சு, கணித வரைபடம், பாட வீடியோ எல்லாம் கட்டற்ற மென்பொருளில். ஆனால் கோவிட் காலத்தில் பிள்ளைகள் வீட்டில் முடங்கியபோது, 2021இல் அதே கைட் ஆன்லைன் வகுப்புகளுக்கு நாடியது கூகுளின் ஜி ஸூட்டை. வேறு வழி இருந்ததா என்பது விவாதத்துக்குரியது. இத்தனை லட்சம் மாணவர்களை ஒரே நேரத்தில் தாங்கும் சர்வர்களைச் சில வாரங்களில் எழுப்புவது சுலபமல்ல.

வாடகைக்கு இருப்பவர் நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டாக வேண்டும். கல்வி நிறுவனங்களுக்கு எல்லையில்லாத இடம் என்று சொல்லிவந்த கூகுள், 2022இல் ஒரு நிறுவனத்துக்கு மொத்தம் 100 டெராபைட் என்று வரம்பு கட்டியது. போட்டோக்களுக்கான எல்லையில்லா இலவசம் 2021 ஜூன் 1 அன்றே முடிந்தது. இரண்டு வருடம் தொடப்படாத தனிநபர் கணக்குகள் 2023 டிசம்பர் முதல் நீக்கத்துக்கு உரியவையாயின. இறந்துபோன அப்பாவின் மெயிலில் மட்டுமே இருக்கும் குடும்பப் படங்களை எண்ணிப் பார்த்தால் இதன் கனம் புரியும்.

அப்படியானால் பெட்டகத்தையும் சொந்தமாக்கிக்கொண்டால் என்ன? அதற்கும் மென்பொருள் தயார். 2016இல் பிறந்த நெக்ஸ்ட்கிளவுடை வீட்டின் மூலையிலுள்ள ஒரு சின்ன மெஷினில் ஏற்றினால் அதுவே ஒரு கிளவுட். ஸிங்க்திங் இன்னும் எளிது. நடுவில் சேமிப்பகமே இல்லாமல் ஒரு வீட்டின் இரண்டு கம்ப்யூட்டர்களை நேராக இணைத்துவிடும். சிக்கல் வேறு இடத்தில். கரண்ட் போகும். பல இன்டர்நெட் நிறுவனங்கள் வீட்டு இணைப்புக்குத் தனி முகவரி தருவதில்லை, ஆகவே வெளியூரிலிருந்து வீட்டு மெஷினைத் தொடத் தனி ஏற்பாடு வேண்டும். டிஸ்க் பழுதானால் கேட்க ஆளில்லை. அரசாங்கமே சொந்தமாக வைத்தாலும் இதே கதைதான்: 2025 செப்டம்பர் 26 அன்று தென் கொரியாவின் டேஜான் நகரில் அரசு டேட்டா சென்டர் தீப்பிடித்தபோது, அரசு ஊழியர்களின் ஜி-டிரைவ் சேமிப்பகத்தில் இருந்த 858 டெராபைட் அழிந்தது. வெளியே நகல் இல்லை.

லினக்ஸோடு பல வருடம் குடித்தனம் நடத்தியவர்கள் இதற்கெல்லாம் அலட்டிக்கொள்வதில்லை. அன்றாட வேலை பிரவுஸரில். மாதம் ஒருமுறை ஆர்குளோனின் காப்பி கட்டளை. ஸிங்க் அல்ல, காப்பி. கிளவுடில் உள்ளதெல்லாம் ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கில் இறங்கும். இறங்கியவற்றில் இரண்டு ஃபைலைத் திறந்து பார்த்து, டிஸ்க்கைத் துணிப்பையில் சுற்றி, பத்திரங்கள் இருக்கும் பீரோவிலேயே வைத்துப் பூட்டிவிடுகிறார்கள்.