வெயிலுக்கு ஓர் அறை

‘நிழலின் அருமை வெயிலில் தெரியும்’ என்பது நம் பழமொழி. சிங்கப்பூரில் நாம் நடக்கும்போதுகூட நிழலைத் தேடியே நடக்கிறோம். இங்கிலாந்தில் நிலைமை வேறு. அங்குக் குளிர்காலத்தில் பிற்பகல் நான்கு மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும். ஆகவே, வெயிலின் அருமையை அங்குள்ளவர்கள் நன்கு அறிவார்கள். பலர் வெயிலுக்கென்றே வீட்டை ஒட்டி ஓர் அறையைக் கட்டிக்கொள்கிறார்கள். சுவர்களும் கூரையும் பெரும்பாலும் கண்ணாடியால் ஆன அந்த அறையைக் ‘கன்சர்வேட்டரி’ என்பர். நாம் அதைக் கண்ணாடி அறை எனலாம்.

தொடக்கத்தில் இத்தகைய அறைகள் செல்வந்தர்களிடம் மட்டுமே இருந்தன. குளிரைத் தாங்காத ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களைக் காப்பாற்ற அவர்கள் இவற்றைக் கட்டினர். பிரிட்டனில் 1746ஆம் ஆண்டு முதல் கண்ணாடிக்கு வரி விதிக்கப்பட்டதால் அதன் விலை மிகுதியாக இருந்தது. 1845இல் அந்த வரி நீக்கப்பட்டது. ஆறு ஆண்டுகளுக்குப் பின், தோட்டக்கலை வல்லுநரான ஜோசப் பேக்ஸ்டன் வடிவமைத்த படிக மாளிகை லண்டனில் எழுந்தது. இரும்பாலும் கண்ணாடியாலும் ஆன அந்த மாபெரும் கட்டடத்தைக் கண்டு மக்கள் வியந்தனர். காலப்போக்கில் கண்ணாடி அறை சாதாரண வீடுகளுக்கும் வந்தது.

கண்ணாடி அறை எவ்வாறு வெப்பமடைகிறது? சூரிய ஒளி கண்ணாடியை எளிதாகக் கடந்து உள்ளே செல்கிறது. தரையும் நாற்காலி, மேசை போன்றவையும் அதை ஈர்த்துச் சூடாகின்றன. அவற்றைத் தொட்டுச் சூடாகும் காற்று வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கிவிடுகிறது. வெயிலில் நிறுத்திய காரின் கதவைத் திறந்தவர்களுக்கு இது புரியும். ஆனால், சூரியன் மறைந்ததும் அதே கண்ணாடி வழியாக வெப்பம் விரைவாக வெளியேறிவிடும். இதனால், ஆசையாகக் கட்டிய அறை ஜூலையில் அடுப்பாகவும் ஜனவரியில் குளிர்பெட்டியாகவும் மாறிவிடலாம். கடைசியில், பெருந்தொகை செலவழித்துக் கட்டிய அறை பழைய பொருள்களைப் போட்டு வைக்கும் இடமாகிவிடும்.

இந்நிலையைத் தவிர்க்க, வாங்குவதற்கு முன் திட்டமிட வேண்டும். முதலில், அறை எதற்காக என்று முடிவு செய்ய வேண்டும். செடி வளர்க்கவா, குடும்பத்தோடு அமர்ந்து உண்ணவா, படிக்கவா? அடுத்து, திசையைப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் தெற்கு நோக்கிய அறைக்கு நாள் முழுவதும் வெயில் கிடைக்கும். கோடையில் அதுவே தொல்லையாகும். வடக்கு நோக்கிய அறையில் வெயில் குறைவு, குளிர் அதிகம். காலையில் அங்கு அமர்ந்து பசியாற விரும்புவோருக்குக் கிழக்கு ஏற்றது. மாலை வெயிலை விரும்புவோருக்கு மேற்கு ஏற்றது.

கூரையையும் கவனிக்க வேண்டும். மெல்லிய பிளாஸ்டிக் கூரையின் விலை குறைவு. ஆனால், மழை பெய்தால் பேச்சுக்கூடக் கேட்காது. இரட்டைக் கண்ணாடிக் கூரை வெப்பத்தை ஓரளவு காக்கும். சூடான காற்று மேலே எழும் என்பதால், கூரையில் திறக்கக்கூடிய சன்னல் அவசியம்.

சட்டத்தையும் மறக்கக்கூடாது. இங்கிலாந்தில் தனி வீடாக இருந்தால் பின்சுவரிலிருந்து 4 மீட்டர் வரையிலும், மற்ற வீடுகளில் 3 மீட்டர் வரையிலும் பொதுவாகத் திட்ட அனுமதியின்றிக் கட்டலாம். பாதுகாக்கப்பட்ட பழைய கட்டடங்களுக்கு விதிகள் கடுமையானவை. வீட்டுக்கும் கண்ணாடி அறைக்கும் இடையே உள்ள கதவை அகற்றுவதும் நல்லதன்று. அகற்றினால், வீட்டின் வெப்பம் அவ்வழியே வீணாகும்.

இறுதியாக, பணம் கொடுக்கும் நேரம். குறைந்தது மூன்று நிறுவனங்களிடமாவது விலையை எழுத்து வடிவில் கேட்டு ஒப்பிட வேண்டும். அடித்தளம், மின்வேலை, உத்தரவாதம் ஆகியவை அந்த விலையில் அடங்குமா என்று பார்க்க வேண்டும். முழுத் தொகையையும் முன்கூட்டியே கொடுத்துவிடக்கூடாது.

சிங்கப்பூரிலும் மிகப் பெரிய கண்ணாடி அறை ஒன்று உண்டு. கரையோரப் பூந்தோட்டத்தில் 2012இல் திறக்கப்பட்ட ‘ஃபிளவர் டோம்’தான் அது. அங்குள்ள சிக்கல் நேர்மாறானது. செடிகளுக்கு ஒளி வேண்டும், வெப்பம் கூடாது. அதனால், வெப்பத்தைக் குறைத்து ஒளியை உள்ளே விடும் சிறப்புக் கண்ணாடியைப் பொருத்தியிருக்கிறார்கள். வெயில் கடுமையானால் கூரையின்மேல் திரைகள் தாமாகவே விரிகின்றன.

வெயிலை வீட்டுக்குள் அழைப்பது எளிது. வந்த வெயிலை அளவோடு வைத்துக்கொள்வதே கடினம். வீட்டின் பின்புறத்தில் கட்டும் சிறிய அறையானாலும் மாபெரும் குவிமாடமானாலும், தான் நிற்கும் இடத்தின் வானிலைக்கு ஏற்றதாக இருந்தால்தான் பயன் தரும்.