இறந்தோர் சாட்சியும் இருப்போர் கடமையும்

நியாயஸ்தலத்திற்கு இறந்தவன் சாட்சி சொல்ல வருவதில்லை. ஆயினும் மரண வாக்குமூலத்திற்குச் சட்டம் தனி மதிப்பு அளித்திருக்கிறது. சாகுந் தறுவாயில் மனிதன் பொய் சொல்லத் துணியான் என்பது அதன் கருத்து. விழுப்புரம் ஜில்லாக் கிராமங்களில் மாண்ட 16,000 ஆடவரின் கதை அத்தகையதொரு வாக்குமூலமாக உலகத்தின்முன் வைக்கப்பட்டிருக்கிறது. வெளிநாட்டு ஆராய்ச்சியாளர் அதைப் படித்தனர். படிக்கவேண்டிய விழுப்புரமும் திண்டிவனமும் படித்தனவா என்பதே நமது கேள்வி.

அந்த வாக்குமூலம் வாங்கப்பட்ட விதத்தைச் சொல்லுவோம். நம் நாட்டுக் கிராமங்களில் பெரும்பாலோர் வீட்டிலேயே மரிக்கின்றனர். காரணம் இன்னதென்று எழுதிக் கொடுக்க வைத்தியர் அருகில் இருப்பதில்லை. ஆகவே சென்னையைச் சேர்ந்த டாக்டர் கஜலட்சுமியும், ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையின் ரிச்சர்டு பீட்டோ முதலியோரும், 1990களின் பிற்பகுதியில் மாண்டவர்களைப் பற்றி விசாரிக்கப் பயிற்சி பெற்ற பட்டதாரிகளை வீடுவீடாக அனுப்பினர். இறந்தவருக்கு என்ன நோய் கண்டது, நெஞ்சு வலித்ததா, இருமல் எத்தனை நாள், புகை பிடித்தாரா என்றெல்லாம் மனைவியையும் மக்களையும் கேட்டு எழுதினர். இதை வாய்மொழிப் பிரேத விசாரணை எனலாம். சென்னை நகரில் மாண்ட 27,000 ஆடவரைப் பற்றியும் அவ்வாறே விசாரித்தார்கள். உயிரோடிருந்த ஆடவர் 35,000 பேரின் பழக்கத்தையும் ஒப்பிட்டு, 2003ஆம் வருஷம் ‘லான்செட்’ என்னும் வைத்தியப் பத்திரிகையில் முடிவை வெளியிட்டனர்.

முடிவு யாது? 25 முதல் 69 வயது வரையுள்ள சென்னை ஆடவரில், புகை பிடித்தவரின் மரண விகிதம் பிடிக்காதவரைப் போல் இரு மடங்கு. காசநோயால் மாள்வது நான்கு மடங்குக்கும் மேல். புகையினால் நேர்ந்த மிகுதி மரணங்களில் மூன்றிலொரு பங்கு இருதயமும் இரத்தக் குழாய்களும் பழுதுற்றதால் வந்தது. புகை பிடிப்போரில் நால்வருக்கு ஒருவர் இவ்வயதுக்குள் அதனாலேயே மாள்கிறார்; அவர் இழப்பது சுமார் 20 வருஷ ஆயுள். சிகரெட்டுத்தான் கெடுதி, பீடி நாட்டுச் சரக்கு, அதில் தோஷமில்லை என்று திண்ணையில் வாதிப்போர் உண்டு. பீடி குடித்த கிராமவாசிகளே அவ்வாதத்தைத் தம் உயிரைக் கொடுத்து மறுத்துவிட்டார்கள்.

ஆக, வழக்குத் தீர்ந்துவிட்டது. ஆனால் டிக்ரி பெறுவது எளிது, அதை நிறைவேற்றுவதே அரிது என்பது வக்கீல்களும் கட்சிக்காரர்களும் நன்கறிந்த உண்மை. பொதுவிடங்களில் புகை பிடிப்பதைத் தடுக்கும் விதி 2008ஆம் வருஷம் காந்தி ஜயந்தியன்று அமலுக்கு வந்தது. அப்போது மத்திய சுகாதார மந்திரியாயிருந்தவர் அன்புமணி ராமதாஸ். அவர் தந்தையார் திண்டிவனத்தில் வைத்தியம் பார்த்தவர். சாட்சி சொன்னதும் இந்த ஜில்லா. விதியை அமலாக்கிய மந்திரியின் குடும்பமும் இந்த ஜில்லாவினது. அப்படியிருந்தும் பெட்டிக்கடை வாயிலில் நெருப்புக் கயிறு தொங்குவதைக் கண்டு நாம் வெட்கப்பட வேண்டாமா?

சர்க்கார் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லுவது நியாயமன்று. இரத்தக் கொதிப்பைக் கண்டறிந்து மருந்து கொடுக்கும் வேலை 2007இல் விருதுநகர், சிவகங்கை ஜில்லாக்களில் பரீட்சார்த்தமாகத் தொடங்கி, 2012 முதல் மற்ற ஜில்லாக்களுக்கும் பரவியது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’, இரத்தக் கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் வேண்டிய மாத்திரையை வீட்டு வாயிலுக்கே அனுப்பிற்று. 2024இல் ஐக்கிய நாடுகள் சபையின் விருதும் அதற்குக் கிடைத்தது. 2023இல் வந்த ‘இதயம் காப்போம்’ திட்டம், மார்வலியோடு வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வழி செய்தது.

இவை யாவும் மெச்சத்தக்கவை. ஆனால் மாத்திரையை ஒரு கையிலும் பீடியை மறு கையிலும் வைத்துக்கொண்டு பிழைக்க முடியுமா? மாத்திரை இரத்தக் கொதிப்பைத் தணிக்கிறது. புகையோ இரத்தக் குழாயின் உட்சுவரைக் கெடுத்து, இரத்தம் உறைய வழி செய்து, பிராணவாயுவையும் குறைக்கிறது. மேலும், சுகாதார ஊழியப் பெண்மணி பகலில் வரும்போது ஆடவன் கரும்புத் தோட்டத்திலோ மரக்காணத்து உப்பளத்திலோ இருப்பான். அகப்பட்டாலும், உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது, மாத்திரை பழகிப்போகும் என்று நிறுத்திவிடுவான். இரத்தக் கொதிப்பு வலியின்றி வளரும் நோய் என்பதை அவனுக்கு அவன் தோழன்தான் உணர்த்தவேண்டும்.

ஏழையின் ஒரே சுகத்தைப் பறிக்கலாமா என்று சிலர் கேட்பர். இருபது வருஷச் சம்பாத்தியத்தை இழந்து நிற்கும் அவன் மனைவியிடம் அக்கேள்வியைக் கேட்கட்டும். பீடி சுற்றும் பெண்களின் ஜீவனம் என்னாவது என்பது அதனினும் நேர்மையான கேள்வி. அவர்களுக்கு வேறு தொழில் காட்டுவது சர்க்காரின் கடமை. ஆனால் ஒரு ஏழையின் கூலிக்காக இன்னொரு ஏழை சாகவேண்டும் என்பது தர்மமாகாது.

நாற்பதைத் தாண்டியோர், இனி விட்டு என்ன பயன் என்று சோர்வடைய வேண்டாம். பிரிட்டிஷ் டாக்டர்களை 50 வருஷம் தொடர்ந்து கவனித்த ஆராய்ச்சி 2004இல் வெளியாயிற்று. அதன்படி 40 வயதில் விட்டவருக்கு 9 வருஷமும், 50இல் விட்டவருக்கு 6 வருஷமும், 60இல் விட்டவருக்கும்கூட 3 வருஷமும் ஆயுள் மிச்சம். விட்ட ஒரே வருஷத்தில், புகையினால் கூடியிருந்த மாரடைப்பு அபாயத்தில் ஏறக்குறையப் பாதி நீங்கிவிடுகிறது.

தேசத்தொண்டில் ஈடுபட்ட நம் வாசகர்களுக்கு மூன்று வேலைகள் சொல்லுவோம். முதலாவது, உங்கள் கட்சிக் காரியாலயத்திலும் கூட்டப் பந்தலிலும் புகையை ஒழியுங்கள். தலைவன் பற்ற வைத்தால் தொண்டன் அணைக்கமாட்டான். இரண்டாவது, அக்டோபர் 2ஆம் தேதி கூடும் கிராம சபையில் நெருப்புக் கயிற்றை அகற்றவும், சிறுவர்க்குப் புகையிலை விற்பதைத் தடுக்கவும் தீர்மானம் நிறைவேற்றுங்கள். மூன்றாவது, சுகாதார நிலையத்தாரை அழைத்து, சந்தை நாளிலும் மாலை நேரத்திலும் டீக்கடை அருகிலேயே ஆடவருக்கு இரத்தக் கொதிப்பைப் பார்க்கச் செய்யுங்கள். விட விரும்புவோருக்கு 1800-11-2356 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணைச் சொல்லிக் கொடுத்து, முதல் சில வாரங்கள் உடனிருந்து தாங்குங்கள்.

கட்சி எதுவாயினும் இவ்வேலைக்குத் தடையில்லை. இறந்தோர் தம் சாட்சியைச் சொல்லி முடித்துவிட்டார்கள். டிக்ரியை நிறைவேற்றும் பொறுப்பு இருப்போருடையது.