தெளிந்த நீரும் தூய நீரும்

கண்ணாடித் தொட்டியில் வண்ண மீன்களை வளர்த்தல் பலருக்கு விருப்பமான பொழுதுபோக்காகும். ஆனால், ஆவலோடு வாங்கி வந்த மீன்கள் சில நாட்களுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக மடிந்துபோதலும் உண்டு. தொட்டி நீரோ பளிங்குபோல் தெளிந்திருக்கும். அவ்வாறாயின் மீன்கள் மடியக் காரணம் யாது? தெளிந்த நீரெல்லாம் தூய நீர் ஆகாது என்பதே இதற்கு விடை.

ஆற்றிலும் குளத்திலும் நீர் மிகுதி. மீனின் கழிவு அதில் கரைந்து பரவிவிடும். தொட்டியிலோ மீன் உண்பதும், கழிப்பதும், மூச்சுவிடுவதும் அச்சிறிதளவு நீருக்குள்ளேயே நிகழ்கின்றன. மீனின் செவுள்களிலிருந்தும், கழிவிலிருந்தும், எஞ்சி அழுகும் இரையிலிருந்தும் அம்மோனியா என்னும் நச்சுப்பொருள் நீரிற் சேர்கின்றது. அது நீரின் நிறத்தை மாற்றுவதில்லை. ஆயினும், செவுள்களைப் புண்படுத்தி மீனின் உயிரைப் போக்கவல்லது.

இந்நஞ்சை அகற்ற இயற்கையே ஒரு காவற்படையை அமைத்துள்ளது. மணலிலும், கல்லிலும், வடிகட்டியின் பஞ்சிலும் கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்கள் குடியேறுகின்றன. அவற்றுள் ஒருவகை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் நஞ்சே, குருதி பிராணவாயுவை ஏற்றுச் செல்லாதவாறு அது தடுக்கும். மற்றொருவகை நுண்ணுயிர் அதனைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட்டு நீர்ச்செடிகளுக்கு உணவாகும். மண்ணில் இத்தொழிலைப் புரியும் நுண்ணுயிர்களை 1890-ஆம் ஆண்டையொட்டி ஆராய்ந்து விளக்கியவர் செர்கேய் வினோகிராட்ஸ்கி என்னும் அறிஞராவார்.

இப்படை போதிய அளவு பெருகுவதற்குப் பெரும்பாலும் 4 முதல் 6 வாரங்கள் ஆகும். ஆதலின், புதிய தொட்டியில் ஒரே நாளிற் பல மீன்களை விடுதல் தகாது. முதலில் ஓரிரு மீன்களை விட்டு, பின்னர்ச் சிறிது சிறிதாக எண்ணிக்கையைப் பெருக்குதல் வேண்டும். 2 அல்லது 3 நிமிடங்களில் அவை உண்டு தீர்க்கும் அளவே இரையிடுதல் நன்று.

துப்புரவு செய்வதிலும் அளவு வேண்டும். சிலர் நீர் முழுவதையும் கொட்டிவிட்டு, மணலையும் பஞ்சையும் குழாய் நீரில் தேய்த்துக் கழுவுவர். அழுக்கோடு காவற்படையும் அழிந்துவிடும் என்பதை அவர்கள் அறியார். வாரந்தோறும் நான்கில் ஒரு பங்கு நீரை மட்டும் எடுத்துவிட்டுப் புதுநீர் சேர்த்தலே முறையாகும். எடுத்த அந்நீரிலேயே பஞ்சை மெல்ல அலசிக்கொள்ளலாம். சோப்பை ஒருபோதும் பயன்படுத்தலாகாது.

புதுநீரிலும் கருத்து வேண்டும். நோய்க்கிருமிகளைக் கொல்லுதற்பொருட்டுக் குழாய் நீரிற் கலக்கப்படும் குளோரின், மீனையும் நுண்ணுயிர்களையும் தாக்கும். வாயகன்ற பாத்திரத்தில் ஒருநாள் திறந்து வைத்தால், அது பெரும்பாலும் வெளியேறிவிடும். குளோராமின் கலந்த நீருக்கு இம்முறை போதாது. அதனை முறிக்கும் மருந்தை அளவறிந்து இடுதல் வேண்டும். புதுநீரின் வெப்பமும் தொட்டி நீரின் வெப்பமும் ஒத்திருத்தல் நலம்.

குளத்து மீன் நீர் கெட்ட இடத்தை விட்டு வேறிடம் நாடும். தொட்டி மீனுக்கு அவ்வழி இல்லை. அதனைக் கண்ணாடிச் சுவருக்குள் வைத்தவர் நாமே. ஆதலின், அதன் நீரைக் காத்தலும் நம் கடமையே அன்றோ?